கட்டுத்தறியில் கிடைத்த அரைமணி நேரம்

(சித்தேரி மலையில் நடந்த குழுக்கள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சமூகப்பணி படிச்ச எனக்குச் சாணி அள்ளக் கூச்சம்தான், மறைக்கல. போன மாசம் இங்க ஒரு உறுப்பினர் வீட்ல தங்கினேன். விடியறதுக்கு முன்னாடியே அந்த அக்கா கட்டுத்தறியைக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. சும்மா நிக்க மனசில்லாம நானும் கூடையை எடுத்தேன். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். மூணு மாட்டுக்கு எத்தனை நடை!

குழுக் கடன்ல வாங்கின மாடு சினையா நின்னுது. பால் இல்லை, 2 தவணை பாக்கி. ராத்திரி தூக்கமே வரலன்னாங்க.

"இங்க வந்து தொடப்பத்தைப் புடிச்சாத்தான் கண்ணு மனசு அடங்குது. யாரும் கேள்வி கேக்கறதில்ல. கூட்டின இடம் கூட்டினதாத் தெரியுது" என்றார்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு, பக்கத்துல மாடு அசைபோடுற சத்தம்.

தரை காய்ஞ்சிருந்தா மடிநோய் குறையும். அள்ளினது எருவாகி சாமைக்காட்டுக்குப் போகும். கால்ல வெடிப்பு இருந்தா கட்டாயம் செருப்பு போடுங்க, மூத்திர ஈரத்துல எலிக்காய்ச்சல் தொத்தும்.

ஆனா தண்ணி, விறகு, சமையல், கட்டுத்தறி எல்லாம் ஒருத்தி தலையிலேயே விழுந்தா எங்கிருந்து அமைதி வரும்? எருக்குழிக்குக் கூடை சுமக்க ஆம்பளைங்களுக்கும் தோள் இருக்கு.

மறுவாரக் கூட்டத்துல அந்த அக்கா தானே எழுந்து பாக்கியைச் சொன்னாங்க. குழு 2 மாசம் தவணை தள்ளிக் கொடுத்தது. இன்னிக்கு அவங்க வரல. கன்னு போட்டு 4 நாள்தான் ஆகுது.