மெரிட் ஸ்காலர்ஷிப்: வாய்ப்பு வேறு, உரிமை வேறு

(பேரணாம்பட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த உயர்கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "சார், பெரிய யுனிவர்சிட்டிக்கு எழுதியிருக்கோம், மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" கேட்பவர் பெரும்பாலும் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற ஓர் அம்மாவாக இருப்பார். "கிடைக்கும், முயற்சி பண்ணுங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி, சீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட மகளிர் குழுவில் கடன் வாங்கப் போகிறவர் அவர். வாராவாரம் தவணை கட்டப் போகிறவரும் அவர். ஆகவே கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற வி.ஐ.டி.யை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய நுழைவுத் தேர்வில் முதல் 10 இடம் பிடித்தால் கல்விக் கட்டணம் முழு விலக்கு. 11 முதல் 50 வரை 75 விழுக்காடு, 51 முதல் 100 வரை 50 விழுக்காடு, 101 முதல் 500 வரை 25 விழுக்காடு. ஒளிவுமறைவு இல்லை, அறிவித்துத்தான் தருகிறார்கள். நாம்தான் அந்த எண்களைச் சரியாகப் படிப்பதில்லை.

நாடு முழுவதும் அந்தத் தேர்வை ஒன்றரை லட்சம் பேர் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 500 பேருக்கு ஏதோ ஒரு சலுகை என்றால், 300 பேரில் ஒருவர். முழு விலக்கு 15,000 பேரில் ஒருவருக்கு. இது குலுக்கல் சீட்டும் இல்லை, எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று சொல்வதற்கு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போன பிள்ளைக்கு வாய்ப்பு அதைவிட அதிகம், அது இல்லாத பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. உங்கள் பிள்ளை ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் அதன் பர்சென்டைலைப் பாருங்கள். 300இல் ஒருவர் என்றால் ஏறக்குறைய 99.7. இரண்டும் வேறு வேறு தேர்வுதான், ஆனாலும் ஓர் அளவுகோல் கிடைக்கும். 99.7க்குப் பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். 92, 93 என்றால் நல்ல மதிப்பெண்தான், பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆனால் அந்த ஸ்காலர்ஷிப்பை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

கிடைத்த பிறகும் கணக்கு முடியவில்லை. கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் என்று வைத்தால், 25 விழுக்காடு போக மிச்சம் ஒன்றரை லட்சம். விலக்கு கல்விக் கட்டணத்துக்குத்தான். விடுதியும் சாப்பாடும் தனி. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே கட்டணத்தில் ஐந்து பிரிவுகள் உண்டு. ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டணம் ஏறும். முதல் பிரிவுக்கும் ஐந்தாம் பிரிவுக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டும். பயிற்சிக்குப் பணம் இல்லாததால் ரேங்க் குறைந்தவர், ரேங்க் குறைந்ததால் அதிகம் கட்ட வேண்டும். இதற்குப் பெயர்தான் மெரிட்.

அதே நிறுவனத்தில் ஸ்டார்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி, அரசுப் பள்ளியில் படித்து முதலிடம் வந்தவர்கள். படிப்பு, விடுதி, உணவு எல்லாம் இலவசம். இதில் போட்டி கோட்டா கோச்சிங் சென்டரோடு இல்லை, நம் மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும். ஒரு ஸ்காலர்ஷிப் நமக்குக் கிடைக்குமா என்பதை, எத்தனை பேருக்குத் தருகிறார்கள் என்பதைவிட, நம்மை யாரோடு நிறுத்தி அளக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது.

சரி, இதெல்லாம் வாய்ப்பு. இனி உரிமைக்கு வருவோம். இங்கே 300இல் ஒருவர் என்ற பேச்சே கிடையாது. தகுதிக்குள் வந்தால் நூற்றுக்கு நூறு.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்ஆஃப் போட்டு நடக்கிற பொறியியல் கலந்தாய்வில் சீட் வாங்கினால், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிற ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்குத் தமிழ்நாடு அரசு தன் பணத்தில் தருகிறது. ஆம்பூரில் லுத்தரன் சபைக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் எந்தச் சாதியானாலும் கலந்தாய்வு சீட்டுக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் போனால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. நம் பகுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதிகம். அங்கே படித்தவர்களுக்கு 7.5 கிடையாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் இடம் கிடைத்தால் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் இல்லை, அதற்கு வருமான வரம்பும் இல்லை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இவற்றில் பெரும்பாலானவை போய்விடும். அந்த சீட்டுக்குப் போஸ்ட் மெட்ரிக் கிடையாது என்று 2018இல் ஒன்றிய அரசு விதியை மாற்றியது. "முதல்ல சேர்ந்துடுங்க, ஸ்காலர்ஷிப் அப்புறம் வரும்" என்று கல்லூரி ஏஜென்ட் வீட்டுக்கு வந்து சொன்னால், எந்தக் கோட்டா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டில் உங்கள் பிரிவுக்கு அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் வாங்கியவரின் கட்ஆஃப் என்ன என்று பாருங்கள். மூன்று ஆண்டும் உங்களுடையதைவிடக் குறைவு என்றால் ஏறக்குறைய உறுதி. ஓர் ஆண்டு மட்டும் குறைவு என்றால் பட்டியலில் மேலே வையுங்கள், அதை மட்டுமே நம்பாதீர்கள்.

இந்த உரிமையிலும் ஓட்டை இருக்கிறது. அப்பா டேனரியில், அம்மா ஷூ கம்பெனியில், ஆளுக்கு மாதம் 11,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,64,000. வரம்பை 14,000 ரூபாய் தாண்டிவிட்டது, உதவித்தொகை போச்சு. 2019இல் உயர்சாதியினருக்கு 10 விழுக்காடு கொண்டுவந்தபோது, ஏழை என்பதற்கு அதே ஒன்றிய அரசு வைத்த வரம்பு 8 லட்சம். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர் இரண்டரை லட்சத்தில் பணக்காரர் ஆகிவிடுகிறார், அக்ரகாரத்தில் இருப்பவர் எட்டு லட்சம் வரை ஏழையாகவே இருக்கிறார். இதைக் கேட்டால் தகுதி, திறமை என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள்.

தகுதி என்று சொல்கிறவர்களுக்கு ஒரு மதிப்பெண் பட்டியலைக் காட்டலாம். 1907இல் மெட்ரிக் எழுதிய ஒரு மாணவர் 750க்கு 282 வாங்கினார். 38 விழுக்காடுகூட இல்லை. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்து அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். அந்த மாணவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில்தான், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டம் வந்தது. இன்று இரண்டரை லட்சம் வரம்போடு நாம் பேசிக்கொண்டிருப்பது அதே திட்டம்தான்.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடம். தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புக்குத் தர மாட்டோம் என்று 2022இல் விதி சேர்த்தார்கள். கொலம்பியாவில் 1916இல் அம்பேத்கர் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. இன்று அதே தலைப்போடு ஒருவர் போனால் விண்ணப்பமே ஏற்கப்படாது. 2025இல் 106 பேரைத் தேர்வு செய்து 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இடம் கிடைப்பதைக் கணக்கிடலாம், கிடைத்த பிறகு பணம் வருமா என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

போஸ்ட் மெட்ரிக்கிலும் இதே இழுபறி உண்டு. ஒன்றிய அரசின் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. அது வர மாதங்கள் ஆகும். கல்லூரி அதுவரை பொறுக்காது, முதலில் கட்டு என்கும். எஸ்.சி. மாணவரிடம் முன்பணம் கேட்காமல் சேர்க்க வேண்டும், அதற்கு ஃப்ரீஷிப் கார்டு தர வேண்டும் என்று 2021 வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. கேளுங்கள். இல்லை என்றால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போவோம், கூட நாங்கள் வருகிறோம்.

வெளியே மேசை போட்டிருக்கிறோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எது இல்லையோ அதை முதலில் சொல்லுங்கள், இன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடலாம். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளை பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் இல்லை. தனியார் பல்கலைக்கழகத்துக்கு அட்வான்ஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள் என்கிறவர்கள் கட்டுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜெய்பீம்.