படத்தைத் திருத்துவோம், எடுத்தவரை வளர்ப்போம்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வரங்கின் சுவர்களில் நம் பிள்ளைகள் எடுத்த நிழற்படங்கள் மாட்டப்பெற்றுள்ளன. எருக்கம்பூவில் அமர்ந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, கண்மாய்க் கோரையில் ஒட்டியிருக்கும் தட்டான், முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி என்று, நாம் நாள்தோறும் மிதித்துக் கடந்த உயிர்களை இவர்கள் மண்டியிட்டு நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள். இத்தகைய படங்களைக் கண்டு கருத்துரைப்பது எவ்வாறு என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். கல்விக் கழக விழாவில் இதுவும் ஒரு பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். பிழையைச் சுட்டுவதும் அதைத் திருத்திக்கொள்வதும் கல்வியில் பாதி அன்றோ?

முதலில் நம் குறையை ஒப்புக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலை வகுப்பிற்கு ஒரு மாணவி, தமையனின் கைப்பேசியை இரவல் பெற்று எடுத்த படம் ஒன்றைக் கொணர்ந்தார். கும்பிடுபூச்சியின் படம் அது. கூட்டத்தில் ஒருவர், "பூச்சி எங்கே? புகைதான் தெரிகிறது" என்றார். எல்லோரும் சிரித்தோம். பொறுப்பில் இருந்த நாமும் சிரித்தோம். அதன்பின் அவர் படம் எடுக்கவில்லை. பலர் முன்னிலையில் தலைகுனிய வைக்கும் சொல் என்ன செய்யும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். அச்சொல்லை நம் பிள்ளையின்மீது நாமே வீசினோம் என்பதை இன்றும் மறக்க இயலவில்லை.

அதற்காக, எல்லாவற்றையும் "அருமை" என்று சொல்லிவிடுவது மருந்தாகாது. வெறும் புகழ்ச்சி, படத்தைப் பாராமலே திருப்பிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கற்க வந்தவருக்கு வேண்டுவது உண்மை; அவ்வுண்மையோடு ஒரு வழியும் வேண்டும்.

அம்மாணவியிடம் நாம் கூறியிருக்க வேண்டியது யாது? "பூச்சியின் முன்கால்கள் தெளிவாக விழுந்துள்ளன, கண் மங்கிவிட்டது" என்று, கண்டதை முதலில் கூறியிருக்கலாம். அடுத்துக் காரணம். மிக நெருங்கி எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவு உருவம் கருவியினுள் விழுமாறு முழுச்சட்டக் கருவியால் எடுத்தால், லென்சின் துளை எஃப் 8 அளவில் இருக்கும்போது, அவ்வாழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. மூச்சு விட்டாலே கண் விலகிப்போகும். இதை அறிந்தால், தம் கை ஆகாது என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். இறுதியாக வழி. விடியற்காலையில் செல்லலாம், குளிரில் பூச்சிகள் மெல்ல அசையும், காற்றும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். முழங்கையைத் தரையில் ஊன்றிக் கொள்ளலாம். சிறகு மடித்த வண்ணத்துப்பூச்சியாயின், சிறகின் தளமும் கருவியின் முகமும் இணையாக இருக்குமாறு பக்கவாட்டில் நின்றால் சிறகு முழுவதும் தெளியும்.

கண்டது, காரணம், வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே பயனுள்ள கருத்துரை. தம்பலப்பூச்சியின் படத்தைப் பாருங்கள். "சிவப்பு மிகுந்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் என்ன பயன்? ஒளி கூடியதால் சிவப்பு நிரம்பி வழிந்து, அதன் பட்டுமயிர் மறைந்தது. அடுத்த முறை ஒளியைச் சற்றே குறைக்க என்று சொன்னால் அது பாடம். தட்டானின் தலைக்குப் பின்னே வெயில்பட்ட சருகு ஒன்று கண்ணைப் பறிக்கிறது. அரை அடி நகர்ந்திருந்தால் அது மறைந்திருக்கும். ஒரே அமர்வில் பத்துக் குறைகளை அடுக்கவும் வேண்டா. முதன்மையானது ஒன்று போதும்.

ஓரிடத்தில் மட்டும் நாம் கண்டிப்புடன் இருத்தல் வேண்டும். கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளி எடுத்த படத்தையும், பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கி எடுத்த படத்தையும் எவ்வளவு அழகாயினும் பாராட்டலாகாது. இலை போனால் குஞ்சுகளை வெயில் கொல்லும், காக்கையும் காணும். உலகளாவிய மூன்று ஒளிப்பட அமைப்புகள் இயற்கைப் படத்திற்கு 2014ஆம் ஆண்டில் ஒரு பொது வரையறையை ஏற்றன. படத்தில் உள்ளதை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது என்பது அதன் சாரம். உண்மையே இக்கலையின் முதல்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். தமிழகத்தின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒன்றைக் கொண்டு, கருப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம்பிடித்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கருவியினும் கண்ணே பெரிது. நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியன் தீட்டிய தாமரைக் குளத்தில் மொட்டும் மலரும் இலையும் மீனும் தனித்தனியே தெரிகின்றன. குளத்தருகே நெடுநேரம் நின்று பார்த்தவன் கை அது.

கருத்துரை பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. உடனே மறுத்துரையாமல் கேளுங்கள்; மறுநாள் அதே செடிக்குச் சென்று சோதித்துப் பாருங்கள்; சொன்னவர் தவறியிருந்தால் அதையும் பணிவோடு எடுத்துக் கூறுங்கள்.

அந்த மாணவி இன்றுவரை மீண்டும் வரவில்லை. அவர் எடுத்திருக்கக்கூடிய படங்களுக்கு இச்சுவரில் இடம் இருந்தது. இனியொரு பிள்ளையை நம் சிரிப்பினால் இழக்கலாகாது. ஆகவே, அரங்கை விட்டு வெளியேறுமுன் ஒவ்வொருவரும் ஒரு படத்தின் முன் சிறிது நேரம் நின்று, எடுத்தவரை அழைத்து, கண்டதையும் காரணத்தையும் வழியையும் கூறிச் செல்லுமாறு வேண்டி அமைகின்றோம்.