குடிபெயர்ந்த குடும்பங்களின் இளைஞர்களும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசித்தளித்தார்கள். கணக்கு செம்மையாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். எனினும் அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒரு செய்தியைக் குறித்து இன்று பேச விரும்புகிறோம். அதில் நமக்கும் பங்குண்டு என்பதால் யாரையும் குறைகூறும் நோக்கம் நமக்கில்லை.

நம் மஹல்லாவில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த ஒரு குடும்பம், வாடகை கட்டுப்படியாகாமல் நகருக்கு வெளியே அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றது. அவ்வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறி, கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்திற்காக நம்மிடம் மனுக் கொடுத்தான். "இவர்கள் இப்போது நம் மஹல்லாவில் இல்லையே, சந்தாவும் நின்றுவிட்டதே" என்ற கேள்வி எழுந்தது. மனு ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின் குழு மனமுவந்து தொகையை அனுமதித்தது. ஆனால் சேர்க்கைக்குரிய நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. கோப்பில் "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை இன்று காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறான். உழைத்துண்பது இழிவன்று. ஆயினும் அவன் விரும்பித் தேர்ந்த வழி அதுவன்று என்பதை நாம் அறிவோம்.

பெரியோர்களே! குடிசைகளில் வாழ்வோர்க்குக் கல்வீடு கட்டித்தரும் பணிக்கென 1970ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. இவ்வாரியத்தால் கூரை பெற்ற குடும்பங்கள் எண்ணற்றவை. அதே வேளை, வீடு மாறும்போது பள்ளிக்கூடம், வேலை, கடனுக்குச் சாமான் தரும் கடை, விளையாடிய தெரு, நம்மைப் போன்ற ஜமாஅத் ஆகிய அனைத்தும் தொலைவாகிவிடுகின்றன. இந்த இழப்பு பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருப்போரையே மிகுதியாகத் தாக்குகிறது.

வீட்டோடு வேறு சிலவும் வேண்டும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உள்ளது. இலங்கையிலிருந்து வந்து முகாம்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டன. இத்தகைய முகாம்களுக்கான திட்டம் 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோதே வீட்டுடன் கல்வி உதவித்தொகையும், 5,000 இளைஞர்களுக்கான திறன் பயிற்சியும் சேர்த்து அறிவிக்கப்பட்டன. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என மாற்றப்பட்டது. முகவரியே ஒருவனுக்கு இழுக்காகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அப்பெயர் மாற்றத்தில் இருக்கிறது.

முகவரி எப்படி இழுக்காகிறது என்பதற்குச் சென்னைக் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அருகிலேயே பெரும் கணினி நிறுவனங்கள் உயர்ந்து நிற்கின்றன. ஆனாலும் வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் என்று எழுத அஞ்சி, துரைப்பாக்கம் என்று எழுதிய இளைஞர்கள் உண்டு. அந்த ஊர்ச் சிறுமி கார்த்திகா சிறியதொரு திடலில் கபடி பயின்றவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவியாக அவர் விளையாடினார். இன்று "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே நாடு அவரை அழைக்கிறது. மறைத்து எழுதப்பட்ட ஊர்ப்பெயர் பெருமைக்குரிய அடைமொழியாகிவிட்டது. வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக்கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றதையும் நாம் அறிவோம்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்வதில்லை. வியாசர்பாடியில் பல்லாண்டுகளாக நடைபெற்றுவரும் கால்பந்துப் பயிற்சியில் பந்தும் படிப்பும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. விளையாட வரும் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மாலைப் படிப்புக்கும் வர வேண்டும். நாள்தோறும் ஒரு பெரியவர் பெயர் சொல்லி அழைத்து, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அந்தக் கேள்வியே பல பிள்ளைகளைத் தீய பழக்கங்களிலிருந்து காத்திருக்கிறது.

விளையாட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததோடு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் கண்டு மகிழச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. நம் மத்ரஸாவின் பின்புறத் திடலில் அஸருக்குப் பின் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து விளையாடினார்கள். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மறுநாளே கதவுக்குப் பூட்டுப் போட்டோம். நம் ஊர் பூட்டு உலகறிந்தது, 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதை நாம் அந்தக் கதவில் மாட்டியிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தொழில். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வீட்டுப் பொருள்களை ஏலத்தில் விற்று, அத்தொகையில் ஒரு பகுதிக்குக் கோடரி வாங்கச் செய்து, அதற்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்தி அவரை விறகு வெட்ட அனுப்பினார்கள் நபிகளார். நம் முன்னோர் தோல் தொழிலிலும், பூட்டுப் பட்டறையிலும், வணிகத்திலும் பிள்ளைகளை அருகில் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று நம் கடைகளில் வேலை கேட்டு வரும் பையனிடம் தொழில் தெரியுமா என்பதற்கு முன்னர் எந்தத் தெரு என்று கேட்கிறோம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் பயின்று வெளிவரும் பிள்ளைக்கு முதல் வேலை தருவதற்கு அவனை அறிந்த ஒருவர் வேண்டும்.

கல்வி உதவியைப் பொறுத்தவரை வாய்ப்புகள் பல. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தேர்வில் தேறும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. மறுபுறம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இருப்பதைப் பெறுவதற்கும் வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, இணையவழி விண்ணப்பம் என்று அலைய வேண்டியிருக்கிறது. நாட்கூலி பெறும் தாய் ஒருநாள் கூலியை இழந்தே அலுவலகம் செல்ல முடியும்.

சிங்கப்பூரில் கம்பத்து வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடிப் பேட்டைகளுக்கு மாற்றப்பட்ட காலத்தில் அங்குள்ள முஸ்லிம்கள் ஒரு வழி கண்டார்கள். 1975 முதல் முஸ்லிம் தொழிலாளர்களின் ஊதியத்திலிருந்து மாதம் 50 காசு பள்ளிவாசல் நிதியாகத் திரட்டப்பட்டது. விரும்பாதவர் விலகிக்கொள்ளவும் இடமிருந்தது. அந்நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் முஹாஜிரீன், அதாவது குடிபெயர்ந்தோர். பின்னர் 1982இல் மெண்டாக்கி என்னும் கல்வி அமைப்பு தோன்றி, 1984 முதல் அதே நிதியின் ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்புக்கும் சென்றது. மக்கள் இடம்பெயர்ந்தபோது ஜமாஅத்தும் அவர்களைப் பின்தொடர்ந்து சென்றது. நாமோ பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம்.

எனவே இப்பொதுக்குழுவின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, குடியிருப்புகளுக்குச் சென்ற குடும்பங்களின் பெயர்களை மீண்டும் நம் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். சந்தா நிலுவை அதற்குத் தடையாகக் கூடாது.

இரண்டாவது, கல்வி உதவி மனுக்களை ஏப்ரலிலேயே பெற்று, தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே தொகையைக் கல்லூரியின் பெயருக்கு வழங்கும் அதிகாரத்தை மூவர் குழு ஒன்றிற்கு அளிக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்ப, ஞாயிறுதோறும் நம் பட்டதாரி இளைஞர்கள் அந்தக் குடியிருப்புக்கே சென்று அமர வேண்டும்.

மூன்றாவது, திடலை அஸர் முதல் மஃரிப் வரை திறந்துவைக்க வேண்டும். அங்கு வரும் பிள்ளைகளில் சகோதர சமயத்தவரும் உண்டு, அவர்களும் வரட்டும். ஸகாத் நிதி உரியவர்களுக்கு மட்டுமே சேர வேண்டியது. ஆதலால் பந்துக்கும் பயிற்சியாளருக்கும் ஆகும் செலவைத் தனி நன்கொடையாகத் திரட்டுவோம். உடையும் கண்ணாடிக்கு முதல் நன்கொடையாக நம் ஒரு மாத ஊதியத்திலிருந்து ஒரு பகுதியைத் தருகிறோம்.

நான்காவது, கடையும் பட்டறையும் நடத்தும் ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் இளைஞனையாவது முகவரி பாராமல் பயிற்சிக்கு ஏற்க வேண்டும்.

மூட்டை இறக்கும் அந்தப் பிள்ளையை நாம் சந்தித்தோம். அடுத்த கல்வியாண்டில் சேர விருப்பம் உண்டா என்று கேட்டதற்கு, "இந்தத் தடவை தேதிக்குள்ள கிடைக்குமா ஹஜ்ரத்?" என்றான். அவனுக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. இந்தப் பொதுக்குழு கலையும் முன் அந்த விடையை நீங்கள் நமக்குத் தர வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் உடல்நலத்திலும் பரக்கத் செய்வானாக! நம் தவறுகளை மன்னித்து, அவற்றைத் திருத்திக்கொள்ளும் தவ்ஃபீக்கை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.