உண்ட வீடு எது?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பாராட்டுரை நிகழ்த்துவதே மரபு. விழாக் குழுவினரோ, கடவுளுக்கு உண்மையாய் ஊழியம் செய்தலும் அவருக்கு எதிராய்க் கலகம் செய்தலும் என்னும் பொருளை நமக்கு அளித்துள்ளனர். போதகர் பேசவேண்டிய பொருள் வாத்தியாருக்கு எதற்கு என்று முதலில் எண்ணினோம். பின்னர் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் தெருப் பிள்ளைக்குக் 'கலகக்காரன்' என்னும் பட்டம் முதன்முதலாகச் சூட்டப்படும் இடம் பள்ளிக்கூடமே. முன் பலகையில் உட்கார்ந்தான், பொதுப் பானையில் தானே தண்ணீர் மொண்டான், அவ்வளவுதான். அன்று மாலையே அவன் தகப்பனார் பண்ணைக்கு அழைக்கப்படுவார். ஆகவே இப்பொருளில் நாமும் பேசலாம் என்று துணிந்தோம்.

'உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்யாதே' என்பது நம் பாட்டிமார் வாக்கு. தமிழ் வேதாகமமும் இந்த இரண்டகம் என்னும் சொல்லை ஆள்கிறது. சவுல் அரசன் அமலேக்கியரை வென்றபின், அழிக்கச் சொல்லப்பட்ட மந்தையில் கொழுத்தவற்றை வைத்துக்கொண்டான். ஏன் என்று சாமுவேல் கேட்டபோது, கடவுளுக்குப் பலியிடத்தான் என்றான். அதையே இரண்டகம் என்று தீர்க்கதரிசி கடிந்துகொண்டார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் இரு பெண்களை யாத்திராகமம் காட்டுகிறது. எபிரெயருக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணையைச் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் நிறைவேற்றவில்லை. பார்வோன் கணக்கில் அவர்கள் கலகக்காரிகள். கடவுளோ அவர்களுக்கு நன்மை செய்தார்.

இருவகையிலும் மீறல் உண்டு. எப்படி வேறுபடுத்துவது? மீறலின் பயன் யாரிடம் சேர்ந்தது என்று பார்ப்பதே நமக்குத் தெரிந்த உரைகல். சவுலின் மீறல் அவன் தொழுவத்தை நிரப்பிற்று. மருத்துவச்சிகளின் மீறல் பிறர் பிள்ளைகளைக் காத்தது; ஆபத்து மட்டுமே அவர்களுடையது.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலைக்கு, இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் அங்கே குடியேறச் சென்றபோது கால்நடையாகவும் டோலியிலுமே ஏறவேண்டும். வாழவந்தியில் தங்கி மருந்து கொடுத்தனர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். பல ஆண்டுகள் அவர்கள் சமயத்தை ஒருவரும் ஏற்கவில்லை. 1918-19இல் இன்புளூயன்சா பரவியபோது, அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயில் வீழ்ந்தார். அண்டை அயலார் அஞ்சி விலக, இவ்விருவரே பணிவிடை செய்தனர். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார்.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அதன்பின் மிஷன் நிர்வாகத்தார் எவலின் அம்மையாரைச் சமவெளியில் பணியமர்த்தினர். வயது கருதி, மலைக்கு அனுப்ப இசையவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், கணக்கறிந்த நிர்வாகிகள். அம்மையாரோ எழுபது வயதையொட்டி மிஷன் பணியிலிருந்து விலகி, தம் பொறுப்பிலேயே மலையேறிவிட்டார். வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளர் கைகளைச் சீர்செய்து பெயர்பெற்ற மகன் பால் பிராண்ட் வருந்தி அழைத்தும் இறங்கவில்லை. கொல்லிமலையோடு நில்லாமல் கல்வராயன், பச்சைமலை என்று மட்டக்குதிரையில் திரிந்தார். விழுந்து எலும்பு முறிந்தும் ஓயவில்லை. 1974இல், 95 வயதில் காலமாகி, கொல்லிமலையில் கணவர் அருகே அடக்கமானார். இந்த மீறலால் அவருக்குச் சேர்ந்த பயன் என்ன? குடிசையும் காய்ச்சலும்தாம். இதை ஊழியம் என்போமா, கலகம் என்போமா?

இனி நம் தெருவுக்கு வருவோம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், தேநீர்க் கடையில் தனிக் குவளை ஏந்த மாட்டோம் என்று நம் இளைஞர் சொன்னபோதெல்லாம், கூழ் ஊற்றிய பண்ணைக்கு இரண்டகம் என்றே ஏசினர். உண்ட வீடு எது என்பதில்தான் வழக்கே. மழையும் மண்ணும் பண்ணையார் படைத்தவையல்ல. அக்கூழுக்கான வரகை விதைத்ததும் அறுத்ததும் நாம். ஆனால் இரண்டகம் நம்மிடமும் இல்லாமலில்லை. இச்சங்கத்தின் விடுதியில் உண்டு, படித்து, உத்தியோகம் பெற்று, சேலத்தில் வீடு கட்டியபின் இந்தத் தெருவின் பெயரைச் சொல்லக் கூசுவோரை நாம் அறிவோம். மந்தை கொழுத்தது, வேறென்ன சொல்ல?

கடினமான செய்தி ஒன்று உள்ளது. ஜூன் மாதத்தில், சேர்க்கைப் பதிவேட்டின் முன் ஒரு தாய் தயங்கி நிற்பாள். ஞாயிறன்று கோயிலில் பாடுபவள், 'இந்து என்றே எழுதுங்கள் ஐயா' என்பாள். காரணம் அனைவரும் அறிந்ததே. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கென வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளருக்குக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் மறுக்கப்பட்டதென்று உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையென்று 1985இல் மனு தள்ளுபடியாயிற்று. செத்தவரையும் சாதிவாரியாகப் பிரிக்கும் கல்லறைத் தோட்டங்கள் இம்மாநிலக் கிறிஸ்தவரிடையே இருப்பதைக் கண்டோர், சான்று இல்லையென்பதை எவ்வாறு ஏற்பர்? அச்சுவரை எழுப்பியோரே முதல் இரண்டகக்காரர் என்பது நம் கருத்து. கிறிஸ்தவராய் வாழ்ந்துகொண்டு இந்து பட்டியல் சாதிச் சான்று கோர இயலாதென்று 2024 நவம்பரிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசுப் பதிவேட்டில் பொய் எழுதலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அறிக்கையிட்ட விசுவாசத்தை மறைப்பது சிறு காரியமும் அன்று. ஆயினும் அந்தத் தாயைக் கண்டிக்கும் சபை மூப்பர்களிடம் ஒரு கேள்வி கேட்போம். சென்ற ஆண்டு நம் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் தகப்பனார், 'உள்ளதை எழுதுங்கள்' என்று கிறிஸ்தவர் என்றே பதியச் செய்தார். மதிப்பெண் இருந்தும் அவள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்று, விரும்பிய செவிலியர் இடத்தை இழந்தாள். இப்போது தனியார் கல்லூரியில் சேரப் பணம் தேடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் கீழ்ப்படிதலைப் புகழ்ந்து பிரசங்கம் செய்தோர் உண்டு. கட்டணத்தில் ஒரு பங்கு கொடுத்தவர் இதுவரை எவரும் இல்லை.

விழாச் செலவு போக மீதமுள்ள தொகையை மேடைக்கு நிரந்தரக் கூரையிடப் பயன்படுத்துவதென்று தீர்மானம் வரவிருப்பதாக அறிகிறோம். கூரை அடுத்த ஆண்டு வேயலாம். அப்பிள்ளைக்குக் கட்டணம் செலுத்த இம்மாத இறுதிவரைதான் தவணை. செயலாளர் அவர்கள் இதை இன்றைய பொதுக்குழுவில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டு அமர்கிறோம்.