கோடையும் குளக்கரைப் புழக்கடையும்



திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்தில், நல்லாற்று ஜலத்தால் நிரம்பும் நஞ்சராயன் குளம் உள்ளது. சுமார் 310 ஏக்கர் விஸ்தீரணமுள்ள இக்குளம் 2022ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024ஆம் வருஷத்தில், பல தேசத்தாரும் கூடி 1971இல் செய்துகொண்ட ராம்சார் ஈரநில உடன்படிக்கையின் ஜாபிதாவிலும் சேர்க்கப்பெற்றது.

பறவைகளோ சரணாலய எல்லையைக் கண்டு நிற்பவையல்ல. கரையோர வீடுகளின் புழக்கடைகளும் அவற்றின் குடியிருப்பே. குளிர்காலத்தில் விருந்தாக வரும் வரித்தலை வாத்துகள் பங்குனிக்குள் வடதேசம் திரும்பிவிடும். அத்துடன் பறவைக்காலம் முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். உள்ளூர்ப் பறவைகள் குடித்தனம் தொடங்குவது அப்பொழுதுதான்.

மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் மரத்திற் கூடு கட்டுவதில்லை. மண்சரிவில் வளை குடைந்து, அதனுள்ளே முட்டையிடுகின்றன. பஞ்சுருட்டான் தேனீயையும் தின்பது மெய்யே. எனினும் குளவி, ஈ, வெட்டுக்கிளி முதலியனவும் அதற்கு இரையாகும். ஆள்காட்டி வெறுந்தரையிலேயே முட்டையிடும். கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் பேதம் தோன்றாது. ஆள் நெருங்கினால் அது கூச்சலிடுவது இதன்பொருட்டே.

கோடையில் ஜலம் வற்றியதும் ஜனங்கள் கரைமண்ணை வெட்டுகிறார்கள். கோரைக்குத் தீ வைக்கிறார்கள். ஒரே நாளில் பல குடும்பங்கள் மண்ணோடு மாய்ந்துபோம். ஆகையால் மண்வெட்டியை எடுக்குமுன் காலையில் ஒரு மணி நேரம் தூர நின்று பார்த்தல் வேண்டும். பறவை புகுந்து வெளிவரும் வளையை ஆனி கழியும்வரை தொடலாகாது.

பூச்சிகளிலும் உபகாரிகள் உண்டு. தட்டானின் குஞ்சு ஜலத்தில் வாழ்ந்து கொசுப்புழுவைத் தின்னும். பின் கோரைத்தண்டில் ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்து, கொசுவையே பிடிக்கும். அத்தகைய தட்டானின் வாலில் சிறுவர் பனியன் கம்பெனிக் கழிவுநூலைக் கட்டி விளையாடுகின்றனர். பெரியோர் கொசுவென்று முறையிடுகின்றனர்!

சாயக்கழிவை அறவே வெளிவிடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடும்படி 2011ஆம் வருஷத்தில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைக்குக் கோர்ட்டு உண்டு. புழக்கடையில் கொட்டும் ஒரு வாளி அழுக்குநீருக்கு வீட்டுக்காரரே நீதிபதி. உரித்த தட்டான் தோல் கோரையில் தொங்குகிறதா என்று வருஷந்தோறும் சித்திரையில் அவரவர் பார்த்துவரட்டும். அது காணாமற்போகும் வருஷத்தில், தம் புழக்கடையிலிருந்து குளத்திற்குப் போவது யாதென்று முதலில் விசாரிப்பார்களாக.