கட்டம் போட்ட சட்டையும் காலடிப்பேட்டையும்
(திருவொற்றியூர் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

என் பேச்சைவிடக் கைப்பேசியின்மேல் காதல் மிகுதியாயினும் பொறுமையோடு வந்தமர்ந்திருக்கும் தம்பி தங்கையரே!

'இளைஞரும் இற்றைப் போக்கும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேசுவோர் உடையைப் பழிப்பர், பாட்டைப் பழிப்பர், எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம் என்று பெருமூச்செறிந்து அமர்வர். நான் அதற்காக வரவில்லை. முன்வரிசையில் ஒரு தம்பி கட்டம் போட்ட சட்டை அணிந்து அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் அவர் கேட்டுக்கொண்டிருந்தது கானாப் பாட்டு. கைப்பேசியின் முகப்பில் இராசேந்திர சோழன் படம். இம்மூன்று விருப்பங்களும் வேறுவேறு என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். மூன்றும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. அதுவும் அவருடைய தெருவில்!

முதலில் சட்டை. இக்கட்டத் துணிக்கு உலகச் சந்தையில் 'மெட்ராசு' என்றே பெயர். மேற்கிந்தியத் தீவுகளான செயிண்டு லூசியா, தொமினிக்கா, மார்த்தினிக்கு ஆகியவற்றில் பெண்டிர் தம் நாட்டு விழாக்களில் அணியும் உடை இத்துணியால் ஆனது. நைசீரியாவின் இக்போ மக்கள் மணவிழாவில் உடுத்தும் துணிக்குச் 'சார்சு' என்று பெயர். நம் புனித சார்சுக் கோட்டையின் பெயர் அது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறதே, அதன் பெயரால்தான் மலேயாவில் இன்றும் கட்டக் கைலியைப் 'பெலேக்காட்டு' என்கின்றனர். 1960-களில் அமெரிக்க இளைஞரிடையே இதே மெட்ராசுச் சட்டை பெரும்பித்தாக இருந்தது. துவைக்குந்தோறும் சாயம் கசிந்து ஒரு நிறம் மற்றொன்றில் கலக்கும். அக்குறையையே சிறப்பென்று விளம்பரஞ் செய்து விற்றனர். வணிகன் வாய்க்குக் கேட்கவா வேண்டும்!

இத்துணிகள் எங்கிருந்து போயின? கிழக்கிந்தியக் கும்பணியின் சென்னை ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்த சோசப்பு காலெட்டு, திருவொற்றியூரில் நெசவாளரைக் குடியேற்றி ஒரு பேட்டை அமைத்தார். காலெட்டுப்பேட்டை நம் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. வெள்ளைக்காரன் பெயரையும் தமிழ் ஒலிக்குள் அடக்கிக்கொண்ட நாக்கு நம்முடையது. 2021-இல் திறக்கப்பட்ட மெட்ரோ தொடர்வண்டி நிலையத்திலும் அப்பெயரே நிற்கிறது. அவ்வண்டியிலேயே தெற்கே சென்றால் வண்ணாரப்பேட்டை. கும்பணித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்ததால் வந்த பெயர். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் கடலுக்குள் நிற்கும். மூட்டைகளை மசூலாப் படகிலேற்றி, அலையோடு போராடிக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம் கடற்கரை மக்கள். நெய்தவர், வெளுத்தவர், படகு வலித்தவர் எல்லாரும் இப்பகுதியினரே!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பெருமை பேசும் கூட்டங்களில் இதைச் சொல்லமாட்டார்கள். ஐரோப்பிய வணிகர் இந்தியத் துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினர். அவ்வாறு வாங்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரே இன்று அத்தீவுகளில் மெட்ராசுத் துணியைத் தம் உரிமை உடையாக்கிக் கொண்டவர்கள். நம் நெசவாளன் அறியாமலே அவன் தறியில் பிறந்த துணி இன்னொருவன் விலையாயிற்று. சட்டையை அணியுங்கள், இதையும் அறிந்து அணியுங்கள்.

அடுத்தது கானா. பெயர் வடக்கிலிருந்து வந்தது. பாட்டு இங்கே பிறந்தது. 'சாவுப்பாட்டு' என்று முகஞ்சுளிப்போரை நான் ஒன்று கேட்கிறேன். புறநானூற்றில் கையறுநிலை என்றொரு துறை உண்டே, அது என்ன? இறந்தவனை நினைந்து பாடுவதுதானே? அன்று பாரி மாண்டபோது கபிலர் பாடினார். இன்று துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் மாண்டால், இரவெல்லாம் அவன் பிணத்தருகில் அமர்ந்து, அவன் பட்ட பாட்டையும் அவன் செய்த நகைச்சுவையையும் சேர்த்துப் பாடுகிறான் நம் கானாப் பாடகன். அரசனுக்குப் பாடினால் இலக்கியம், கூலிக்காரனுக்குப் பாடினால் கூச்சலா? இகழ்ச்சி பாட்டின்மேல் அன்று, பாடுவோரின் சாதியின்மேலும் சேரியின்மேலும் உள்ள இகழ்ச்சி அது. மூன்றாம் இராசராசன் இவ்வூர்க் கோயில் மண்டபத்தில் அமர்ந்து, உறவாக்கின தலைக்கோலி என்னும் பெண் பாடிய அகமார்க்கத்தைக் கேட்டான் என்று 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. பாட்டுக்கு மன்னனே வந்தமர்ந்த ஊர் ஐயா இது! இவ்வூரில் பிறந்துவிட்டு, கல்லூரியில் எந்த ஊர் என்று கேட்டால் 'சென்னை' என்று மட்டும் மென்று விழுங்கும் பிள்ளைகள் உண்டு. திரைப்படக்காரர்கள் வடசென்னைக்கு அரிவாளைத் தவிர வேறொன்றும் தரவில்லை என்பதால் வந்த கூச்சம் அது.

மூன்றாவது இராசேந்திரன். கங்கையையும் கடாரத்தையும் பற்றித் தம்பி என்னைவிட நன்றாகப் பேசுவார். அவர் நடந்துபோகும் தொலைவில், ஒற்றியூர்க் கோயிலில், அம்மன்னன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பிய தூங்கானை மாடம் நிற்கிறது. யானை படுத்திருப்பது போன்று பின்புறம் வளைந்த கட்டடம். அதைக் கட்டியவன் பெயரும் கல்வெட்டில் உண்டு. இரவி என்னும் வீரசோழத் தச்சன். கைப்பேசி முகப்பில் அரசனுக்கு இடங்கொடுத்த தம்பி, அத்தச்சனுக்கும் சிறிது இடங்கொடுக்க வேண்டும். அண்மைக் காலத்துக்கு வந்தால், பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. அங்கு உழைத்தவர்களுக்காகத்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; திரு.வி.க. அதற்காக உழைத்தார். 1996-இல் ஆலை மூடப்பட்டது. அவ்வாலையில் தறியோட்டியவரின் பேரப்பிள்ளைகள் இக்கூட்டத்திலேயே இருக்கக்கூடும். வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பணியட்டை இருந்தால் அதுவும் ஒரு கல்வெட்டுத்தான்.

ஆதலால் தம்பி தங்கையரே, ஒரு வேலை தருகிறேன். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் பழைய வண்ணையிலும் எழுபது அகவை கடந்த கானாப் பாடகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடியவை பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. போய்க் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், எந்த ஆண்டு, யாருடைய சாவுக்குப் பாடியது, இறந்தவர் செய்த தொழில், இந்நான்கையும் மறவாமல் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போது அந்தக் கட்டச் சட்டையையே அணிந்துகொண்டு போங்கள்.