பெரிய பில்லும் சின்ன பில்லும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவள். மேடையில பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது என் வீட்டுக் கதைதான். அதையும், ஒரு பில்லைப் பற்றியும் சொல்றேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா. அவங்க மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருபது வருசத்துக்கு முந்தி, மதுரையில ஒரு டாக்டர், "காதுக்குள்ள கருவி வைக்கலாம், பல லட்சம் ஆகும்" என்று சொல்லியிருக்கார். அந்த அக்கா நோட்டு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போனாங்க. ஐம்பது, நூறுன்னு எழுதினாங்க. மழை இல்லாத வருசம், யாரால என்ன முடியும்? ரெண்டு ஏக்கர் கரிசக்காட்டை விக்கப் பார்த்தாங்க, வாங்க ஆள் வரலை. பையனுக்கு வயசு தாண்டிப் போச்சு. இன்னைக்கு அவன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறான். நல்ல வேலைக்காரன். ஆனா அம்மான்னு ஒரு சொல் அவன் வாயில வந்தது கிடையாது.

அன்னைக்கு அந்த பில் ஊர் கையில இருந்தது. ஊரால அதைக் கட்ட முடியலை.

2009 ஜூலை 23-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா மாறுச்சு. ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்குக் காக்ளியர் ஆபரேஷன் அதுல உண்டு. ஆஸ்பத்திரிக்காரங்க மேலே எழுதி முன் அனுமதி வாங்குறாங்க, பணம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போகுது. நம்ம கைக்கு பில்லே வராது. அதாவது பில் ஊரை விட்டு மாநிலத்துக்குப் போயிருச்சு.

இந்த மாற்றத்தால பிழைச்சவ எங்க சின்ன மக. தீவாளி வெடிச்சத்தத்துல கூடத் தொட்டில்ல தூங்குவா. "பயப்படாத பிள்ளை"ன்னு நாங்க பெருமைப்பட்டோம். ரெண்டு வயசாகியும் பேச்சு வரலை. எங்க அத்தை, "இவ அப்பனும் பிந்தித்தான் பேசுனான்" என்று சொல்லிட்டாங்க. அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் குழு வண்டி வருதுல்ல, அவங்கதான் முதுகுக்குப் பின்னால கை தட்டிப் பார்த்துட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அந்தச் சீட்டுதான் எங்களுக்குக் கதவைத் திறந்தது.

அதுக்கப்புறம் அலைச்சல்தான். ரேஷன் கார்டுல பிள்ளை பேரு ஏறலை. பேரு ஏறாம காப்பீட்டு அட்டை கிடையாது. வருமானச் சான்று வாங்கி, தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுல போட்டோ எடுத்து அட்டை வாங்க மூணு மாசம் ஆச்சு. ஆபரேஷனுக்கு நாங்க ஒத்தை ரூபா கட்டலை. கருவியை முதல்ல இயக்கிவிட்ட அன்னைக்கு, அவ என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சத்தம்னா என்னன்னு அன்னைக்குத்தானே அவளுக்குத் தெரியுது!

ஊருக்கு வந்ததும் எல்லாரும், "உனக்கு என்ன, அரசாங்கம் எல்லாம் பார்த்துக்கிடுச்சு" என்றாங்க. இங்கதான் அக்காமாரே, நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சா பிள்ளை பேசிடாது. வாரா வாரம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். விளாத்திகுளம் வரைக்கும் டவுன் பஸ் இலவசம். அதுக்கு மேல ரூட் பஸ். மாற்றுத்திறனாளிக்கும் துணைக்குப் போறவங்களுக்கும் முக்கால் பங்கு சலுகை உண்டுன்னு எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் முழு டிக்கெட்தான். போற அன்னைக்குக் களையெடுப்புச் சம்பளம் போச்சு, நூறு நாள் வேலை போச்சு. ஒருநாள் கருவியோட வயர் அறுந்து போச்சு. விசாரிச்சா நாலாயிரத்துக்கு மேல சொன்னாங்க. ஒரு இடத்துல கேட்டா "மேல கேளுங்க" என்றாங்க, மேல கேட்டா "உங்க ஊர்ல கேளுங்க" என்றாங்க. பத்தொன்பது நாள் என் பிள்ளை திரும்பவும் ஊமையா இருந்தா. கடைசியில கம்மலை அடகு வச்சேன்.

பெரிய பில் மாநிலத்துக்குப் போயிருச்சு. சின்ன பில் எல்லாம் தாய் மடியிலேயே கிடக்கு. அந்தச் சின்ன பில்லைக் கட்ட முடியலைன்னா, அரசாங்கம் கட்டின பெரிய பில்லும் வீண்தான்.

இன்னொண்ணும் யோசிச்சேன். அந்த அக்கா நோட்டோட வந்தப்ப, அம்பது ரூபா எழுதினவங்க கூட மறு வாரம் "பிள்ளை எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்கு யாரும் அப்படிக் கேட்டு வரலை. யார் மேலயும் குறை இல்லை. அரசாங்கம் பார்த்துக்கிடும்னு நினைச்சுட்டாங்க. பணத்தை மாநிலம் கொடுக்கலாம். பக்கத்துல நிக்கிற ஆளை அது அனுப்ப முடியாது. அதுக்கு நாமதான் இருக்கோம்.

அதனால கூட்டமைப்புகிட்ட மூணு விஷயம் கேக்கிறேன்.

ஒண்ணு. மாசக் கூட்டத்துல கடன் வசூலை எழுதி முடிச்சதும், "ஆறு வயசுக்குள்ள பேச்சு வராத, நடக்காத, திரும்பிப் பார்க்காத பிள்ளை யார் வீட்டிலயாவது இருக்கா?" என்று கேட்டுத் தீர்மான நோட்டுல எழுதணும். கேக்கிறதுக்குக் கூச்சம் வேண்டாம். ஒளிச்சு வச்சா நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

ரெண்டு. பிள்ளை பிறந்த உடனே ரேஷன் கார்டுல பேரு ஏத்திட்டோமா, காப்பீட்டு அட்டை இருக்கான்னு குழுவே பார்க்கணும். குடும்ப வருமானம் வருசத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா அட்டை உண்டு. சந்தேகம்னா 1800 425 3993-க்குப் போன் போடலாம், காசு கிடையாது.

மூணு. நலிவுநிலை குறைப்பு நிதியில இருந்து வயர், பேட்டரி, பஸ் செலவுக்கு வட்டியில்லாம, அந்த வாரமே கொடுக்கணும். முதல் தடவை போற தாய்க்குத் துணையா, முன்னாடி போய் வந்த ஒருத்தி கூடப் போகணும். எங்க பக்கம் யாருக்காவது தேவைன்னா நான் வர்றேன்.

என் மக இப்போ ரெண்டாம் வகுப்பு. சில எழுத்து அவ வாயில இன்னும் சரியா வரலை. ஆனா நேத்து ராத்திரி நான் இந்தப் பேச்சை எழுதிக்கிட்டு இருந்தப்ப, "அம்மா, லைட்டை அமத்து, தூக்கம் வருது" என்று என்னை அதட்டினா. அந்த அதட்டலை எங்க தெரு அக்காவுக்கும் கேக்கக் கொடுத்து வைக்கலையேன்னு நினைச்சுக்கிட்டேதான் லைட்டை அமத்தினேன்.

நம்ம குழுக்கள்ல இனி ஒரு தாய்க்கும் அந்த நிலை வரக்கூடாது.